ஓட்டை இல்லாத போல்ட்

வேலையில் தடுமாறாதவர் யாரும் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. சொந்த ஊரிலிருந்து தள்ளி, தங்களைச் சின்ன வயதில் பார்த்திராதவர்களுக்கு முன்னால் அவர்கள் தடுமாறுகிறார்கள். பிறகு வீட்டுக்கு வந்து பேசாமல் சோறு சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. நான் தடுமாறியது கஹவத்தைக்கு மேலே, நான் பிறந்து வளர்ந்த இறப்பர் தோட்டத்தின் மைதானத்தில். அப்பா, அம்மா, எனக்கு ஞானஸ்நானம் நடந்த சபையின் மக்கள், கோயில் பூசாரி, தோட்டத் தலைவர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நடுவில் ஒரு விமானம் நின்றது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குப் பக்கத்தில், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்களில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டும் சிறிய கம்பனி ஒன்றில் நான் ஸ்டோர்ஸ் உதவியாளர். விமானத்துக்கு வேண்டிய நட்டு, போல்ட், வொஷர் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்து, கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதைத் தோட்டத்தில் புரியவைக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. "மக கொழும்புல ஸ்டோருல வேல செய்றா" என்று அம்மா சொன்னதும், "கொழும்புல ஏது தேயில?" என்று கேட்டார்கள். அப்பா அதைத் திருத்தி, "பிளேன் ஸ்டோரு" என்றார். (அங்கே பிளேனை வாட்டி அரைக்கிறார்கள் என்று சிலர் நினைத்திருக்கக்கூடும்.)

அப்பா இறப்பர் மில்லில் ரோலர் மெஷினில் வேலை செய்தார். நான் இரத்தினபுரியில் ஆங்கில டிப்ளோமா முடித்துக் கொழும்புக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விடுவதா என்றார்கள். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "போகட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எத்தனை கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை மிரட்டியவை நட்டுகள் அல்ல, அவற்றின் எண்கள். விமான போல்ட்டை யாரும் "அந்த நீளமான போல்ட்" என்று கேட்க மாட்டார்கள். AN4-12 என்று கேட்பார்கள். AN என்பது அமெரிக்காக்காரர்கள் வைத்த தர அடையாளம். 4 என்றால் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்து அதில் நான்கு, அதாவது கால் அங்குலப் பருமன். இதுவரை நியாயம்தான். ஆனால் 12 என்பது பன்னிரண்டு இல்லை. முதல் இலக்கம் முழு அங்குலம், இரண்டாவது இலக்கம் அரைக்கால் அங்குலங்கள். ஆகவே 12 என்றால் ஒன்றேகால் அங்குல நீளம். நான் முதல் வாரம் முழுக்க அதைப் பன்னிரண்டு என்றே நினைத்துப் பெட்டிக்குள் பெரிய போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வருவது எழுத்து. போல்ட்டின் முனைப்பக்கம் குறுக்காக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பற்கள் வெட்டிய நட்டை, அதன் எண் AN310, அந்த போல்ட்டில் முடுக்கி, ஒரு பல்லிடுக்கு வழியாக ஸ்ப்ளிட் பின் என்ற மெல்லிய கம்பியை இந்த ஓட்டைக்குள் நுழைத்து மடித்துவிட்டால், எவ்வளவு குலுங்கினாலும் நட்டு கழலாது. ஓட்டை இருக்கும் போல்ட்டுக்கு எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் எழுதுவதில்லை. ஓட்டை இல்லாவிட்டால் A என்று எழுதுவார்கள். இருப்பதற்கு எழுத்து இல்லை, இல்லாததற்கு ஓர் எழுத்து. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டாரோ தெரியாது.

இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்தேன். சில மாதங்களில் பெட்டியைப் பார்க்காமலே எண் சொல்லும் அளவுக்கு வந்தேன். என் தகுதிகாண் காலம் முடிய இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

அப்போதுதான் எங்கள் விமானங்களில் ஒன்று இரத்தினபுரிப் பக்கம் போகும்போது எஞ்சின் விக்கி விக்கி ஓட, கப்டன் கீழே தெரிந்த ஒரு மைதானத்தில் இறக்கினார். சப்ரகமுவவில் எத்தனையோ மைதானங்கள் இருக்கின்றன. அவர் எங்கள் தோட்டத்து மைதானத்தில் இறக்கினார். கப்டனுக்கு ஒரு கீறலும் இல்லை. எஞ்சின் கோளாறும் சின்னது. ஆனால் மைதானத்து ஓரத்து வடிகால் கானில் முன்சக்கரம் விழுந்து எழும்பியதில், சக்கரத்தைத் தாங்கும் காலில் இரண்டு போல்ட்டுகள் வளைந்துவிட்டன.

பழுது பார்க்க அருள் சேர் போனார். எங்கள் தலைமை மெக்கானிக். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுபவர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது உச்சியில் ஒரு பாறைமேல் மட்டும். (நான் பரீட்சை முடிவு பார்த்ததும் அங்கே ஏறித்தான்.) அவர் அதில் ஏறி நின்று எனக்குப் போன் செய்தார். படம் அனுப்பிப் பார்த்திருக்கிறார், போகவில்லை.

"பிள்ளை, கேக்குதே?"

"கேக்குதுங்க சேர்."

"எழுதுங்கோ. போல்ட் ஏஎன் ஃபோர். டாஷ் தேர்ட்டீன் வேணும் எண்டுதான் முதல்ல நினைச்சன்." காற்று இரைந்தது. "அளந்து பாத்தன், அவ்வளவு வேண்டாம். டுவெல்வே காணும். ரெண்டு. நட் ஏஎன் த்ரீ டென் டாஷ் ஃபோர், ரெண்டு. வொஷரும் பின்னும் வழமைபோல."

"சரிங்க சேர். திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க."

லைன் போய்விட்டது. மறுபடி எடுத்தேன், கிடைக்கவில்லை. அவர் பாறையை விட்டு இறங்கியிருப்பார்.

நான் தாளில் எழுதியது: AN4-12A, இரண்டு.

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் 'காணும்' என்றால் 'போதும்' என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்றுக்கொண்டிருந்தேன். அவர் பேச்சு எனக்கு நன்றாகப் புரியும் என்று பெருமையாகவும் இருந்தது. 'டுவெல்வ் ஏ காணும்' என்று அவர் சொன்னதாகவே என் காதில் விழுந்தது. ஓட்டை இல்லாத போல்ட்டுக்குப் பின் போடும் நட்டு எதற்கு என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நான் எண்ணைத்தான் பார்த்தேன், சாமானைப் பார்க்கவில்லை. பெட்டியில் எழுதியிருந்ததும் தாளில் எழுதியிருந்ததும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்துப்போனதில் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உங்க ஊர்தானே? நீங்களே போய்க் கொடுத்துட்டு வாங்க. டிரைவருக்கு வழி காட்டலாம்."

சனிக்கிழமை விடியற்காலை வேனில் புறப்பட்டோம். அம்மாவுக்கு முந்தின நாளே சொல்லியிருந்தேன். அது பெரிய தவறு. வேன் தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் சனம் தெரிந்தது. தோட்டத்தின் இரண்டு டிவிசன் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். மறுநாள் ஞாயிறு பிற்பகல் அதே மைதானத்தில் பக்கத்துத் தோட்டத்துடன் கால்பந்து இறுதிப்போட்டி. விமானம் ஒரு கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றது. அதனால் எங்கள் தோட்டத்தின் மானம், கப்டனின் பயணம், என் அப்பாவின் கழுத்து நிமிர்வு எல்லாம் நான் மடியில் வைத்திருந்த பையைத்தான் எதிர்பார்த்திருந்தன.

டிரைவர் பியசேன ஐயா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நங்கி, மந்திரி வாராரா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். (நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.)

மந்திரி இல்லை, நான்தான். இறங்கியதும் தலைவர் என் கழுத்தில் மாலை போட்டார். பூசாரி என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். விமானத்தின் மூக்கில் ஏற்கெனவே மூன்று கோடு விபூதியும் நடுவில் குங்குமமும் இருந்தன. எங்கள் சபை உபதேசியார் விட்டுக்கொடுக்கவில்லை. விமானத்தின் இறக்கைமேல் கை வைத்து நீளமாக ஒரு ஜெபம் செய்தார். அந்த விமானத்துக்கு அன்றைக்கு எந்தப் பக்கத்திலும் குறை இல்லை. அப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றார். எல்லோரும் அவரிடம் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தேவசகாயம் மக கொண்டாந்தாத்தான் பிளேனு கெளம்பும்" என்று தலைவர் கப்டனுக்குக் கேட்கும்படி சொன்னார். கப்டன் இளைஞர். தோட்டத்துத் துரையின் பங்களாவிலிருந்து வந்த பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

அருள் சேர் துணியை விரித்தார். நான் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்தேன். நட்டு. வொஷர். பின். கடைசியாக போல்ட். அவர் ஒரு போல்ட்டை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பிள்ளை, இதில ஓட்டை இல்லை."

"ஏ தானுங்களே சேர். ஏயில ஓட்டை இருக்காதுங்களே." படித்ததை ஒப்பிப்பது போலச் சொன்னேன்.

"நான் ஏ எண்டு சொல்லேல்லை. டுவெல்வே காணும் எண்டு சொன்னன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மைதானம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் காதுக்குள் அந்தச் சொல் மெதுவாகப் பிரிந்தது. டுவெல்வ். ஏ. டுவெல்வே. நான் என் தாய்மொழியின் ஓர் எழுத்தை ஆங்கிலமாக எழுதி, நூறு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுவந்திருந்தேன். கழுத்தில் மாலை கனத்தது. கழற்றலாமா, கழற்றக்கூடாதா என்று தெரியவில்லை. (கழற்றினால் எங்கே வைப்பது என்பதும் தெரியவில்லை.)

பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். "என்னவாம்?"

"போல்ட்டுல ஓட்டை இல்லியாம்."

"ஓட்டை இல்லாட்டி நல்லதுதானே?"

செய்தி அப்படியே கடைசி வரிசை வரை போனது. ஓட்டை இருந்தால் வெட்கப்பட வேண்டிய உலகத்தில், ஓட்டை இல்லாததற்காக நான் வெட்கப்பட்டு நின்றேன்.

தலைவர் முன்னால் வந்தார். "சேர், ஓட்டை வேணாத நட்டு ஏதாச்சும் இருக்குமே?"

"இருக்கு. உள்ளுக்கு நைலோன் வளையம் வச்ச நட்டு. ஆனா இந்த இடம் சக்கரம் திரும்பேக்க தானும் அசையும். அசையிற இடத்தில அந்த நட்டு மெல்ல மெல்லக் கழண்டு வரலாம். இங்க பின் கட்டாயம் வேணும்."

அந்த நேரத்தில் அப்பா இருந்த இடத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் மில் பக்கமிருந்து வேகமாக நடந்து வந்தார். கையில் பெட்டரியில் ஓடும் ட்ரில் மெஷின். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே அருள் சேரிடம் வந்தார்.

"ஒரு ஓட்டை தானுங்களே சேர். எந்த எடம்னு கோடு போட்டுக் குடுங்க. சுத்தமா போட்டுத் தாரேன். எம்மக இம்புட்டுத் தூரம் கொண்டாந்தது வீணாப் போக வேணாம்."

சனம் தலையாட்டியது. எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. எனக்கும் ஒரு கணம் பட்டது. போட்டுவிட்டால் முடிந்தது. விமானம் போய்விடும், மைதானம் கிடைக்கும், அப்பா நிமிர்ந்து வீட்டுக்குப் போவார், என் தாளில் இருந்த ஓர் எழுத்தை யாரும் மனேஜரிடம் சொல்ல வேண்டியதில்லை.

அருள் சேர் மறுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மகளிட்டக் கேளுங்கோ அண்ணை. சாமான் அவவின்ர பொறுப்பு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கப்டனைப் பார்த்தேன். அவர் பிஸ்கட்டைக் கடிக்க மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் நடக்கும் தமிழ் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அந்த போல்ட்டை நம்பி மேலே போகப் போகிறவர் அவர். அதுவரை எனக்கு எண்கள் என்றால் பெட்டிமேல் ஒட்டிய காகிதம். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வேணாம்பா."

"ஏம்மா?"

"இதுல நாம ஓட்டை போட்டா, அதுக்கப்புறம் இது எவ்வளவு தாங்கும்னு யாருக்கும் தெரியாது. நாந்தான் தப்பாக் கேட்டுக் கொண்டாந்துட்டேன். போயி சரியானத எடுத்துட்டு நாளைக்கு வந்துர்றேன்."

அப்பா ட்ரில்லின் சுவிட்சை அணைத்தார். அது ஓடிக்கொண்டிருக்கவே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "சாப்பிட்டுட்டுப் போறியா?"

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. மாலையோடு அழுதேன். பெண் அழைப்பில் அழுவதுபோல் இருந்திருக்க வேண்டும். இரண்டு அக்காமார் வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. விமானத்தை மைதானத்தில் விட முடியாது. தலைவர் இளந்தாரிகளைக் கூப்பிட்டார். அருள் சேர் எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்று காட்டினார். அத்தனை பேரும் சேர்ந்து விமானத்தைச் சப்பரம் தூக்குவதுபோல் தூக்கி, இறப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மேலே படங்கு போட்டு மூடினார்கள். நானும் பியசேன ஐயாவும் மழைக்குள் திரும்பினோம். அவிசாவளை தாண்டியபோது அவர், "நங்கி, அந்த மாலையைக் கழற்றலாம்" என்றார்.

ஞாயிறு காலை திரும்பி வந்தோம். இந்த முறை ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்டோர்ஸிலேயே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தேன். அது எனக்குப் போதும், தோட்டத்துக்குப் போதவில்லை. அருள் சேர் போல்ட்டை எடுத்ததும் தலைவர் கையை நீட்டி வாங்கினார். ஒரு கண்ணை மூடி ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். "இருக்கு" என்று சனத்துக்கு அறிவித்தார். உபதேசியாரும் பார்த்தார். பூசாரியும் பார்த்தார். அன்று காலை ஆராதனை தாமதமாகத் தொடங்கியது, ஏனென்றால் சபையில் பாதிப்பேர் ஓட்டை பார்க்க வரிசையில் நின்றார்கள். அப்பா கடைசியாக வந்தார். பார்த்துவிட்டுத் துடைத்து, அருள் சேர் கையில் வைத்தார்.

அவர் போல்ட்டைப் பூட்டி, நட்டை முடுக்கி, பின்னை மடித்தார். இளந்தாரிகள் விமானத்தை மறுபடி மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். பறக்க அனுமதி வந்தது. கப்டன் ஏறினார். பள்ளத்தாக்குப் பக்கம் திறந்திருக்கும் மைதானத்து முனையை நோக்கி விமானம் ஓடியது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் முன்சக்கரத்தை மட்டும் பார்த்தேன். அது தரையை விட்டு எழும்பி, இறப்பர் மரங்களுக்கு மேலே போய்ச் சிறுத்து மறையும் வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போட்டியில் எங்கள் தோட்டம் தோற்றது. அதற்கு விமானத்தின் சக்கரத் தடமே காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மனேஜர் என்னைக் கூப்பிட்டு நிறையப் பேசினார். தகுதிகாண் காலத்தை நீட்டினார், பிறகு நிரந்தரமாக்கினார். அருள் சேர் ஸ்டோர்ஸ் சுவரில் தன் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்: 'எண் சொல்லும்போது ஏகாரம் சேர்க்கக் கூடாது. ஏ என்றால் A மட்டுமே.' சிங்களப் பையன்கள் அதற்கு அர்த்தம் கேட்டார்கள். நான்தான் தமிழ் இலக்கணம் விளக்க வேண்டியிருந்தது.

அப்பா மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மனதில் அது ஒரு காயமாக இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

ஒன்றிரண்டு வருடம் கழித்து ஓப்பநாயக்கவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தேநீரை வாங்கிக்கொண்டு, "பொண்ணு கொழும்புல என்ன வேலை பாக்குதுங்க?" என்று கேட்டார். அம்மா 'ஸ்டோர்' என்று தொடங்குவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஓட்டை இருக்கா இல்லியான்னு பாத்துச் சொல்ற வேலைங்க. எம்மக இல்லேன்னு சொல்லிட்டா, அப்பனே கேட்டாலும் பிளேனு மேல போகாது."

வந்தவர்களுக்கு அது ஒன்றும் புரியவில்லை. அதனால் முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பாவே சொன்னார். ட்ரில் மெஷினைக் கொண்டு வந்ததையும் விடவில்லை. மாப்பிள்ளை சிரித்துத் தேநீர் புரையேறி முற்றத்துக்கு ஓடினார். அந்த இடமே நிச்சயமானது.

இப்போது நான் விடுமுறைக்கு ஓப்பநாயக்க போனால் மாமியார் முதலில் கேட்பது என் சுகத்தை இல்லை. ஒழுகுகிற வாளி, கேத்தல், குடத்தை வரிசையாக வைத்திருப்பார். பக்கத்து லயத்து வீடுகளிலிருந்தும் கொண்டு வருவார்கள். நான் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பேன்.

"இருக்குங்க அத்தை."

"அது எங்களுக்கே தெரியும்மா. நீ சொன்னாத்தான் சரி."